விறகுவெட்டியும் நின்ற உடன்படிக்கை

ஊவா மலைச்சரிவில், கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில், பெரகலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது ஹல்துமுல்லை. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மலையகம் முழுவதிலும் ஒரு நூற்றாண்டுக்கு முன்புவரை தொழிலாளியைக் கட்டிவைத்திருந்தது ஒரு சின்னக் கடுதாசி. துண்டு என்றே அதற்குப் பெயர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக நினைப்பவர்கள் பழைய துரையிடம் துண்டு வாங்கியாக வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்கள், அவர்கள் பேரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்ற அளவில் அதில் எழுதியிருக்கும். புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கை மாறும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச் செலவு, சாப்பாடு, கம்பளி என்று ஏறிய கணக்கு மலைக்கு மலை கூடவே வந்தது. 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

துண்டு நடைமுறையில் இருந்த காலத்திலேயே இந்த மக்களிடம் வேதாகமமும் வந்து சேர்ந்தது. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழருக்கென்று அங்கிலிக்கன் திருச்சபையார் நடத்திய ஊழியம் அது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் மலை மலையாக நடந்து போதித்தார்கள். ஹப்புத்தளையில் புனித அந்திரேயர் ஆலயம் 1869இல் எழுந்தது. கடன் சீட்டால் கட்டுண்ட மக்களின் கைக்கு வந்த அந்த நூலின் இரு பாகங்களுக்கும் இரண்டு உடன்படிக்கைகளின் பெயரே இருந்தது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு.

இந்த இரண்டையும் எங்கள் மேடைகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஒப்பிடுகிறார்கள். பழையது சட்டம், புதியது கிருபை. பழையதில் கோபக்காரக் கடவுள், புதியதில் அன்பான கடவுள். கேட்க எளிதாக இருக்கும் இந்தப் பிரிப்பு, வசனங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் நிற்காது. கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் மேற்காசிய மண்ணிலிருந்து தோண்டியெடுத்த களிமண் பலகைகளையும் சேர்த்துப் படித்தால் இன்னும் நிற்காது. என் பார்வையில் ஓர் உடன்படிக்கையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது யாரை ஆளாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதுதான்.

உடன்படிக்கை என்ற வடிவத்தை இஸ்ரவேலர் புதிதாக உண்டாக்கவில்லை. துருக்கியில் பொகாஸ்கோய் என்ற கிராமத்தில் 1906இல் தொடங்கிய அகழ்வில் ஹிட்டைட் பேரரசின் தலைநகர் ஹத்துசா வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றுள் பேரரசன் தனக்கு அடங்கிய சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களும் இருந்தன. 1931இல் விக்டர் கொரோஷெட்ஸ் என்ற அறிஞர் அந்த ஒப்பந்தங்களின் கட்டமைப்பைப் பிரித்துக் காட்டினார். 1954இல் ஜார்ஜ் மெண்டன்ஹால் அதைச் சீனாய் மலை உடன்படிக்கையோடு பொருத்திப் பார்த்தபோது வேதாகம ஆய்வே புதுத் திசையில் திரும்பியது.

அந்த ஒப்பந்தங்கள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கின்றன. முதலில் பேரரசன் தான் யாரென்று சொல்வான். அடுத்து, உனக்கும் உன் தகப்பனுக்கும் நான் இன்னின்ன நன்மை செய்தேன் என்று பழைய கதையை விரிப்பான். அதன் பிறகே நிபந்தனைகள் வரும். பலகையைக் கோயிலில் வைக்க வேண்டும், குறித்த காலத்தில் வாசிக்க வேண்டும் என்று விதிப்பான். தெய்வங்களும் மலைகளும் ஆறுகளும் வானமும் பூமியும் சாட்சிக்கு அழைக்கப்படும். மீறினால் சாபம், காத்தால் ஆசி. இப்போது உபாகமத்தைத் திறந்து பாருங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் அது இணைச் சட்டம். முதல் மூன்று அதிகாரங்களும் வனாந்தர வழியில் நடத்திவந்த கதை. ஐந்தாம் அதிகாரத்தில் பத்துக் கட்டளைகள் தொடங்குகின்றன. கற்பலகைகள் பேழைக்குள் வைக்கப்படுகின்றன. ஏழாண்டுக்கொருமுறை கூடாரப் பண்டிகையில் எல்லாருக்கும் வாசிக்க வேண்டும் என்கிறது 31ஆம் அதிகாரம். வானமும் பூமியும் சாட்சி. 28ஆம் அதிகாரம் முழுக்க ஆசியும் சாபமும்.

இந்த ஒழுங்கில் நன்மை செய்த கதைதான் நிபந்தனைக்கு முந்தி வருகிறது. சீனாயிலும் அப்படித்தான். அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தேன் என்ற சொல்லுக்குப் பிறகே முதல் கட்டளை. கட்டளையைக் காத்ததால் அவர்கள் விடுதலை பெறவில்லை. பழைய உடன்படிக்கையில் கிருபை இல்லை என்பவர்கள் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

வடிவம் ஒன்றாக இருந்தாலும் கைச்சாத்திடும் ஆள் வேறு. ஹிட்டைட் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு ஒரு சிற்றரசன். அவனுடைய குடிகள் அவனுடைய சொத்துப்போல அதில் அடங்குவார்கள். உபாகமம் 29இல் மோவாபின் சமவெளியில் நிற்பவர்களைப் பாருங்கள். கோத்திரத் தலைவர்கள், மூப்பர்கள், அதிகாரிகள் என்று வழக்கம்போலத்தான் பட்டியல் தொடங்குகிறது. பிறகு பிள்ளைகள், மனைவியர், பாளையத்துக்குள் இருக்கும் அந்நியர் என்று இறங்கி, விறகு வெட்டுகிறவரும் தண்ணீர் எடுக்கிறவரும் வரை வந்து நிற்கிறது. அன்றைக்கு அங்கே இல்லாதவர்களையும், இனிப் பிறக்கப்போகிறவர்களையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. தேயிலைக் காட்டில் வேலை முடிந்து விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, பீலியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்த பெண்களின் பேத்திகள் இந்த வசனத்தை வேறெவரையும்விட நன்றாக வாசிப்பார்கள். மூவாயிரம் ஆண்டுப் பழமையான அரசியல் ஒப்பந்த வடிவத்துக்குள் விறகுவெட்டி ஒரு தரப்பாக நிறுத்தப்பட்டிருக்கிறார். எனக்குப் பெரிய வியப்பு இதுதான்.

இரண்டாவது வியப்பு அசீரியாவிலிருந்து வந்தது. 1955இல் ஈராக்கின் நிம்ரூதில், மேக்ஸ் மலோவன் நடத்திய அகழ்வில், நாபு தெய்வத்தின் கோயில் வளாகத்தில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உடைந்த களிமண் துண்டுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தபோது ஒரே வாசகத்தின் பல பிரதிகள் அவை. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன், தனக்குப் பின் மகன் அஷூர்பனிபாலுக்கு விசுவாசமாக இருக்கும்படி அடங்கிய தலைவர்களிடம் வாங்கிய சத்தியம். 2009இல் துருக்கியின் தெல் தயினாத்தில், ஒரு கோயிலுக்குள், இன்னொரு பிரதி கிடைத்தது. அசீரியாவின் மேற்கு மாகாணங்களுக்கும் இந்தச் சத்தியப் பலகை அனுப்பப்பட்டிருந்தது என்பது அதனால் தெளிவாயிற்று. யூதாவின் அரசன் மனாசே எசர்ஹத்தோனுக்குக் கப்பம் கட்டியவன். எருசலேமிலும் ஒரு பிரதி இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

அதன் சாபங்களை உபாகமம் 28இன் சாபங்களோடு வைத்துப் படித்தால் உடல் சிலிர்க்கும். வானம் வெண்கலமாகவும் பூமி இரும்பாகவும் போகும் என்ற சாபம் இரண்டிலும் உண்டு. அடக்கம் செய்யப்படாத பிணத்தைப் பறவைகள் தின்பது, தோல்நோய், குருடு, மனைவியை இன்னொருவன் கொண்டுபோவது என்ற சாபங்கள் இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அசீரியப் பலகையில் அந்த அடுக்குக்குக் காரணம் தெரிகிறது. தோல்நோய் சந்திர தெய்வத்தின் தண்டனை, குருடு சூரிய தெய்வத்தின் தண்டனை. தெய்வங்களின் வரிசைப்படி சாபங்கள் வருகின்றன. உபாகமத்தில் அந்தத் தெய்வங்கள் இல்லை. ஆனாலும் தோல்நோயை அடுத்துக் குருடுதான் வருகிறது. ஒரு பேரரசின் ஆவணத்தை அறிந்த கை ஒன்று இதை எழுதியிருக்க வேண்டும்.

அன்பும் அப்படியே. அஷூர்பனிபாலை உங்கள் உயிரைப்போல நேசிக்க வேண்டும் என்று பலகை கட்டளையிடுகிறது. சகோதரனோ மகனோ தீர்க்கதரிசியோ அவனுக்கு விரோதமாகப் பேசினால் அறிவிக்க வேண்டும். உபாகமம் 6இல் முழு இருதயத்தோடும் அன்புகூரச் சொல்வதும், 13இல் சகோதரனும் தீர்க்கதரிசியும் வழிதவறச் செய்தால் இணங்காதே என்பதும் இதே இலக்கணம். 1963இல் வில்லியம் மோரன் என்ற அறிஞர் இதை எடுத்துக்காட்டினார். அந்த உலகில் அன்பு என்பது முதலில் விசுவாசம். யார் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்விக்கான பதில். பேரரசன் தனக்கென்று கேட்ட அந்த முழு விசுவாசத்தை அவனிடமிருந்து எடுத்து, அடிமைகளை விடுவித்த கடவுளுக்கு மட்டுமே உரியதாக்கினார்கள் எருசலேமின் எழுத்தர்கள். பேரரசின் கீழ் வாழ்ந்த ஒரு சின்ன நாட்டுக்கு இது எவ்வளவு துணிச்சலான எழுத்து! ஹிட்டைட் ஒப்பந்தத்தோடுதான் உபாகமம் அதிகம் ஒத்துப்போகிறது, ஆகவே அது மிகப் பழையது என்பாரும், அசீரியச் சத்தியத்தோடுதான், ஆகவே கி.மு. ஏழாம் நூற்றாண்டு என்பாரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். வரலாற்று முன்னுரை ஹிட்டைட் பக்கம் சாய்கிறது, சாபங்கள் அசீரியப் பக்கம் சாய்கின்றன. என் மனம் சாபங்கள் காட்டும் பக்கமே போகிறது.

எழுத்துக்கு முன்னால் சடங்கு இருந்தது. ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடப்பவர், சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று தன்மேல் சாபம் போட்டுக்கொள்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொய்யானால் என் குடும்பமும் இப்படி அணையட்டும் என்பதே அதன் பொருள். ஆனால் ஆதியாகமத்தில் ஆபிரகாம் நடக்கவில்லை. அவர் தூங்கிவிடுகிறார். புகையும் சூளையும் எரியும் தீவட்டியும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. கடவுள் ஒருவரே சாபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார். சீனாயில் இருதரப்பும் கடமைப்படுகிறது, ஆபிரகாமிடம் ஒரு தரப்பு மட்டும் கடமைப்படுகிறது. பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே இரண்டு வகை உடன்படிக்கை இருப்பதால்தான், பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது சீனாயைத் தாண்டி ஆபிரகாமிடம் போய் நிற்க முடிந்தது.

இதே சடங்கு இன்னொருமுறை வருகிறது, மிகக் கொடுமையான இடத்தில். எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. அரசன் சிதேக்கியா பயந்துபோய், எபிரெய அடிமைகளை எல்லாரும் விடுதலை செய்ய வேண்டும் என்று மக்களோடு உடன்படிக்கை பண்ணுகிறான். ஆறு வருடம் வேலை வாங்கிவிட்டு ஏழாம் வருடம் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். நெடுங்காலமாக யாரும் காக்கவில்லை. இப்போது பிரபுக்களும் ஆசாரியர்களும் கன்றுக்குட்டியை வெட்டி நடுவே நடந்து சத்தியம் செய்கிறார்கள். அடிமைகள் வெளியேறுகிறார்கள். பிறகு எகிப்தின் படை வருவதைக் கேட்டுப் பாபிலோனியர் விலகிப்போகிறார்கள். ஆபத்து நீங்கியது என்று நினைத்ததும் எஜமான்கள் அதே ஆட்களை மறுபடியும் பிடித்து வேலையில் போட்டார்கள். எரேமியா அவர்களிடம் போய், நீங்கள் நடந்து வந்த கன்றுக்குட்டியின் கதிதான் உங்களுக்கு என்று சொன்னார். கி.மு. 586 அளவில் நகரம் எரிந்தது.

இந்த மனிதர்தான், இதே நூலின் 31ஆம் அதிகாரத்தில், புதிய உடன்படிக்கை வரும் என்று அறிவிப்பவர். எழுத்தில் இருந்த சட்டத்துக்கு நேர்ந்ததை எல்லாம் அவர் பார்த்துவிட்டார். கி.மு. 622 அளவில் அரசன் யோசியாவின் காலத்தில் ஆலயத்தில் ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தது. அரசன் ஊரைக் கூட்டி வாசித்தான். எல்லாரும் உடன்படிக்கைக்கு உடன்பட்டார்கள். கி.மு. 609இல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டபின் எல்லாம் பழையபடி ஆனது. கல்லில் இருந்தது, புத்தகத்தில் இருந்தது, அரசாணை இருந்தது, சத்தியமும் இருந்தது. கடனாளிகள் மட்டும் அடிமைகளாகவே இருந்தார்கள். புதியது எங்கே எழுதப்படும் என்று எரேமியா யோசித்ததற்கு இந்தப் பின்னணி இருக்கிறது. அது இருதயத்தில் எழுதப்படும். சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் கடவுளை அறிவார்கள், ஒருவருக்கொருவர் போதிக்க வேண்டியிராது. அக்கிரமம் மன்னிக்கப்படும், பாவம் நினைக்கப்படாது. வேறொரு சட்டம் தரப்போவதாக அவர் எங்கும் சொல்லவில்லை. அதே நியாயப்பிரமாணம்தான், எழுதும் இடம் மாறுகிறது.

அந்தத் தலைமுறையின் ஒரு சிறு பொருள் நம் காலத்தில் கிடைத்திருக்கிறது. 1979இல் எருசலேமுக்கு வெளியே கெத்தேப் ஹின்னோமில், கபிரியேல் பார்க்காய் தோண்டிய கல்லறையில், சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள் இருந்தன. பெரியது விரித்தபின் பத்துச் சென்டிமீட்டர்கூட நீளமில்லை. உடையாமல் விரிக்கவே ஆண்டுகள் ஆயின. கழுத்தில் தொங்கவிடும் தாயத்துகள் அவை. கி.மு. 600ஐ ஒட்டிய காலத்தவை என்று கணிக்கிறார்கள். எண்ணாகமம் 6இல் உள்ள ஆசாரியரின் ஆசீர்வாதம் அவற்றில் கீறப்பட்டிருக்கிறது. பெரிய தகட்டில் உடன்படிக்கையையும் இரக்கத்தையும் காக்கிறவர் என்று கடவுளைச் சொல்லும் வரியும் உண்டு. வேதாகம வசனங்களைத் தாங்கி நமக்குக் கிடைத்த பொருள்களில் இவற்றைவிடப் பழையவை இல்லை. எரேமியாவின் ஊரில் யாரோ ஒருவர் உடன்படிக்கையை நெஞ்சின்மேல் அணிந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

புதிய உடன்படிக்கை என்ற சொல்லுக்கு இயேசுவின் சீடர்கள் மட்டும் உரிமை கொண்டாடவில்லை. 1896-97இல் கெய்ரோவின் பழைய யூத ஆலயத்திலிருந்து சாலமன் ஷெக்டர் எடுத்துவந்த ஏடுகளில் தமஸ்கு ஆவணம் என்று இன்று அழைக்கப்படும் நூல் இருந்தது. தமஸ்கு நாட்டில் புதிய உடன்படிக்கைக்குள் வந்தவர்கள் என்று ஒரு யூதக் குழுவை அது பேசுகிறது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் ஏடுகள் வெளிவந்தபோது அதே நூலின் பழைய பிரதிகளும் கிடைத்தன. இயேசுவுக்கு முந்திய அந்தக் குழுவினருக்குப் புதியது என்றால், சீனாய்ச் சட்டத்தை முன்னிலும் கடுமையாகக் காப்பது.

இயேசுவின் கடைசி இராப்போசனத்துக்கு நம் கையில் உள்ள மிகப் பழைய எழுத்து பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், கி.பி. 54 அளவில். பவுலும் லூக்காவும் கிண்ணத்தைப் புதிய உடன்படிக்கை என்கிறார்கள். அது எரேமியாவின் குரல். மாற்கும் மத்தேயுவும் உடன்படிக்கையின் இரத்தம் என்ற சொல்லை முன்னால் வைக்கிறார்கள். அது யாத்திராகமம் 24இன் குரல். அங்கே மோசே இரத்தத்தின் பாதியைப் பலிபீடத்தின்மேலும் பாதியை மக்கள்மேலும் தெளிக்கிறார். பிறகு மூப்பர்கள் மலையேறி, கடவுளுக்கு முன்பாகப் புசித்துக் குடிக்கிறார்கள். இரத்தமும் விருந்தும் சேர்ந்தே இருந்த அந்தப் பழைய காட்சி தெரியாதவருக்கு இராப்போசனத்தின் பாதி புரியாது. கத்தோலிக்க வாசக ஒழுங்கை அமைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவில் அந்த 24ஆம் அதிகாரமும் எபிரெயர் நிருபமும் மாற்கின் இராப்போசனமும் ஒரே நாளில் வாசிக்கப்படுகின்றன.

அப்படியானால் என்னதான் மாறியது? பலி நின்றது; எபிரெயர் நிருபம் எரேமியாவின் வசனங்களை முழுதாக எடுத்து வைத்து, ஒரே பலி போதும் என்று வாதாடுகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அவ்வளவு நீண்ட மேற்கோள் இல்லை. விருத்தசேதனம் புறவினத்தாருக்குக் கட்டாயமில்லை என்று கி.பி. 49 அளவில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் விறகுவெட்டியிலிருந்து தொடங்கி வந்த என் கேள்விக்கு எபேசியர் இரண்டாம் அதிகாரமே பதில் சொல்கிறது. முன்பு நீங்கள் இஸ்ரவேலின் குடியுரிமைக்கு வெளியே இருந்தீர்கள், உடன்படிக்கைகளுக்கு அந்நியராக இருந்தீர்கள், இப்போது அப்படியில்லை என்கிறது அது. குடியுரிமையும் உடன்படிக்கையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. பேதுருவின் முதல் நிருபம் ஓசியாவிலிருந்து எடுத்து, ஒருகாலத்தில் நீங்கள் ஒரு மக்களாகவே எண்ணப்படவில்லை என்று நினைவூட்டுகிறது.

இந்த வசனங்கள் ஹல்துமுல்லையிலும் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் வாசிக்கப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. 1974இல் அந்த மீதியைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு அரசுகள் இரண்டு தரப்பு. பங்கிடப்பட்ட மக்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. நாடற்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹிட்டைட் அரசன் செய்த ஒப்பந்தத்தின் வடிவம் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது என்றே சொல்வேன். மோவாபின் சமவெளியில் நடந்தது அதிலிருந்து எவ்வளவு முன்னேறிய காரியம் என்பது மலையகத்தாருக்குத் தெரியும்.

கடன் சீட்டுக்கும் புதிய ஏற்பாட்டில் ஓர் இடம் உண்டு. கொலோசெயர் இரண்டாம் அதிகாரம், நமக்கு விரோதமாக நின்ற கையெழுத்தைக் கடவுள் குலைத்து, சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது. கடன்பட்டவர் தன் கையால் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைத்தான் அது சொல்கிறது. எகிப்தின் மணலில் அத்தகைய பப்பைரஸ் பத்திரங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கடன் தீர்ந்ததும் அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி ரத்துச் செய்திருக்கிறார்கள். மங்கிய எழுத்தின்மேல் அந்தக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. துண்டுக்குக் கீழ் வாழ்ந்தவர்கள் இதைக் கேட்டபோது, கடன் இன்னொரு துரைக்குக் கை மாறுவதற்கும் கடன் பத்திரமே செத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பழையதை ஒதுக்கிவிடும் ஆசை திருச்சபைக்குள் மிகப் பழையது. கி.பி. 144இல் ரோம் நகரத்துச் சபை விலக்கிவைத்த மார்சியோன், எபிரெய வேதமே வேண்டாம், அதன் கடவுளே வேறு என்றார். சபை அதை மறுத்தது. தமிழிலோ புதியதுதான் முந்தி வந்தது. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே வந்திருந்தார். அவருக்குப் பின் வந்த சூல்ட்சே அதை முடித்து அச்சேற்ற 1728 ஆயிற்று. அந்த இடைவெளி முடிந்து முந்நூறு ஆண்டு ஆகப்போகிறது. ஆனால் பைக்குள் அடங்கும் புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்திருந்து, முதல் பாகத்தைக் கதைப் புத்தகமாகவே எண்ணும் பழக்கம் போகவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கடவுள் யூதரை இன்னும் நேசிக்கிறார், அவர் கொடையைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரோமர் 11ஐப் பின்பற்றி அறிவித்தது. 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் ரத்துச் செய்யப்படவில்லை என்று பேசினார். எபிரெயர் நிருபம் முதலாவதைப் பழமையாய்ப் போனது என்கிறதே, அதற்கு என்ன பதில் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஒரே புத்தகத்துக்குள் ரோமரும் எபிரெயரும் இருக்கிறார்கள். ஒன்றை வைத்து மற்றதன் வாயை அடைக்காமல் இரண்டையும் வாசிப்பதே நேர்மை.

பழைய உடன்படிக்கையில் இருந்து புதியதில் குரல் தணிந்துபோன ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிலம். சீனாயின் வாக்குறுதி காணியோடு கட்டியது. நிலம் என்னுடையது, அதை நிரந்தரமாக விற்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 25. ஐம்பதாம் ஆண்டில் இழந்தவர் தன் காணிக்குத் திரும்ப வேண்டும். புதிய உடன்படிக்கை எல்லா நாட்டாரையும் சேர்த்துக்கொண்டபோது ஒரு நாட்டின் எல்லைக்குள் அது அடங்க முடியாமல் போனது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அதை வைத்துக்கொண்டு, பரலோகத்தில் காணி உண்டு, பூமியில் எதற்கு என்று தோட்டத்து லய வீட்டில் இருப்பவரிடம் பிரசங்கிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தங்களுக்குச் சொந்தமில்லாத சரிவில், தாங்கள் தேர்ந்தெடுக்காத இடத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். இருதயத்தில் எழுதப்படும் என்று எரேமியா சொன்ன சட்டத்துக்குள் லேவியராகமம் 25உம் இருக்கிறது.

ஆகவே ஊவாவின் போதகர்களிடமும் குருமாரிடமும் ஒரு வேண்டுகோள். வரும் பெரிய வியாழன் ஆராதனையில் இராப்போசன வாசகத்துக்கு முன்னால் உபாகமம் 29இன் முதல் பதினைந்து வசனங்களையும் வாசிக்கச் செய்யுங்கள். அதை வாசிக்க, அன்று காலை கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை அழையுங்கள்.